ஜிப் வைத்தது ஒன்று

பேரணாம்பட்டில் ஞாயிற்றுக்கிழமை
தோல் துண்டுகள் கிலோ கணக்கில் கிடைக்கும்.
கறுப்புக்கு ஒரு விலை, தவிட்டு நிறத்துக்கு ஒரு விலை.
சிவப்பு எப்போதாவதுதான் வரும்;
பனி பெய்கிற ஏதோ ஊரில் ஒருத்தி
சிவப்பு ஷூ கேட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஆறு நாள் கம்பெனியில் அவள் காலுக்குத் தைக்கிறேன்.
ஏழாம் நாள் என் கல்யாணத்துக்கு.

நாற்பத்தொரு வயதுக் கல்யாணத்தில்
தேங்காய் போட்டுத் தர மஞ்சள் பை எதற்கு,
நானே ஏதாவது தைக்கிறேன் என்றேன்.
முனிரத்தினம் சிரித்தார்.
வெங்கடகிரிகோட்டா பஸ்ஸில் கண்டக்டர்.
பாக்கிச் சில்லறையை டிக்கெட்டின் முதுகில் எழுதி
இறங்கும்முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தருகிறவர்.
அதற்காகத்தான் சரி என்றேன்.
வேறு பெரிய காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

வருகிறவர்கள் நாற்பத்து மூன்று பேர்.
நஸ்ரீனுக்கு, இன்ஹேலர் நிற்கிற ஆழத்தில் ஒன்று.
எங்கள் லைன் சூப்பர்வைசர் இம்தியாஸ் பாய்க்கு
கண்ணாடிக்கூடு; அப்படியாவது
என் தையலைக் கண்ணாடி போட்டுப் பார்க்கட்டும்.
பத்தலப்பல்லி செக்போஸ்ட்டில் டீ போடும் கோவிந்தப்பாவுக்கு
இரண்டு அறை பர்ஸ்:
இந்தப் பக்கத்துக் கடன் ஒன்றில்,
அந்தப் பக்கத்துக் கடன் ஒன்றில்.

முனிரத்தினத்தின் மகள் லாவண்யாவுக்குப் பதினாறு வயது.
என்னை இன்னும் ‘மீரு’ என்றுதான் சொல்கிறாள்.
அவளுக்குத்தான் அந்தச் சிவப்பு.
லைனிங்குக்குப் பின்னால் ஒரு ரகசிய அறை வைத்தேன்.
‘இருக்கிற இடம் எனக்குத் தெரியும்,
திறக்க மாட்டேன்’ என்றேன்.
சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
வாங்கி, மோந்து பார்த்தாள்.

ஓரத்தைச் சீவ வேண்டும், பசை தடவ வேண்டும்,
மடித்துச் சுத்தியால் தட்ட வேண்டும்.
ஊசி இறங்கும்முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.
துணியில் தப்பாகப் போனால் பிரித்து,
நகத்தால் நீவிவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும்.
தோலில் மூடாது.

‘இந்த வயசுல உனக்கு என்னத்துக்குடி ஆம்பளை’
என்று போனில் கேட்டாள்
கோட்டாவில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா நாகபூஷணம்.
அதற்கு நான் சொன்னதை
இங்கே எழுதப் போவதில்லை.

அவளைச் சேர்த்தால் நாற்பத்து நாலு.

அவள் வீட்டில் தோல் வாசற்படி தாண்டாது.
குடியாத்தம் லுங்கித் துணி, நீலக் கட்டம், முக்கால் மீட்டர்.
கட்டத்தோடு கட்டம் சேர வெட்டித் தைத்து
ஜிப் வைத்தேன். மற்ற எதற்கும் ஜிப் கிடையாது.
வெறும் பை தரக்கூடாது என்று
எல்லாவற்றிலும் போட்டதுபோல் இதிலும் ஒரு ரூபாய்.
எல்லாம் அவருடைய தோள்பையில் இருந்து எடுத்த காசு.
திங்கட்கிழமை முதல் டிரிப்பில் கொடுத்தனுப்பினேன்.

புதன்கிழமை அதே பஸ்ஸில் பை திரும்பி வந்தது.
தக்காளிக் கூடைகளுக்கு நடுவே வந்த வாசனை.
‘ஒண்ணும் சொல்லல, கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க’
என்றார் முனிரத்தினம்.
சாப்பிட்டு, பாத்திரம் தேய்த்து,
மறுநாளுக்கு அரிசி களைந்து வைக்கும்வரை
அதைத் தொடவில்லை.

பிறகு ஜிப்பை இழுத்தேன்.
அரக்கு நிறத்தில் ஒரு பட்டு ரவிக்கைத் துண்டு.
அதற்கடியில் அளவு ரவிக்கை, பழசு,
அக்குளில் ஒரு தையல் பிரித்துவிட்டது.
கொஞ்சம் பெருத்திருக்கிறாள்.
சீட்டு எதுவும் இல்லை.
பையைக் கவிழ்த்து உதறினேன்.
அந்த ஒரு ரூபாயும் இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.
மெஷினிலிருந்து தோல் ஊசியைக் கழற்றினேன்.
பட்டுக்குப் பதினோராம் நம்பர் போதும்.